பயிற்சி அழைப்பு

பச்சையம்மாள் பதினோராவது தடவையும் தேறவில்லை என்ற தாள் ஒரு சனிக்கிழமை காலை என் மேசைக்கு வந்தது. மூன்று தடவை தேறாத வீட்டுக்கு யாராவது நேரில் போய் விளக்க வேண்டும் என்பது எங்கள் விதி. எனக்கு முன்னால் இரண்டு பேர் போயிருந்தார்கள். இருவருமே "விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். புரிந்துகொண்டவர் அதற்கு அடுத்த வாரமும் தேறவில்லை.

வடக்கே பனிமலையில் போர் தொடங்கி அது இரண்டாவது குளிர்காலம். முதல் குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எதிரி எங்கள் பக்கத்து ராணுவ வீரர்களின் வீடுகள் அறுநூறுக்கு ஒரே நேரத்தில் போன் செய்தான். போனில் பேசியது மகன்கள், கணவன்மார்கள், தம்பிகள். "எங்கள விட்டுட்டு அதிகாரிங்கல்லாம் ஓடிட்டாங்க, எப்படியாவது எங்களைக் காப்பாத்துங்க" என்று அழுதார்கள். எல்லாம் இயந்திரம் செய்த குரல்கள். மதியத்துக்குள் பெண்கள் ரயில் பாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டில் கலவரம் என்ற செய்தி இரண்டு நாளில் மலைமேல் போய்ச் சேர்ந்தது. ஒரு குண்டுகூட வெடிக்காமல் இரண்டு காவல் அரண்கள் காலியாயின.

அதற்குப் பிறகு தொடங்கியதுதான் எங்கள் பிரிவு. வேலூரில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மணமகள் அறை என்று பெயின்டில் எழுதியிருந்த அறையில்தான் குரல்களைத் தயாரித்தோம். நான் அதற்கு முன் ஒன்பது வருடம் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக இருந்தவள். சாவுச் செய்தியைக் குடும்பத்திடம் எப்படிச் சொல்வது என்று டாக்டர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த அன்று எங்கள் இயக்குநர் சத்தியசீலன் எதிரே உட்காரவைத்துச் சொன்னார்.

"தடுப்பூசியில என்ன இருக்கு தமயந்தி? வலுவிழந்த கிருமிதானே. உடம்பு அதோட சண்டை போட்டுப் பழகிக்குது. அதையேதான் நாமளும் செய்யப்போறோம். எதிரி பொய் சொல்றதுக்கு முன்னாடி நாமளே அந்தப் பொய்யைச் சொல்லிடணும். நம்ம ஜனங்க ஏமாறட்டும், வெக்கப்படட்டும், அடுத்த தடவை ஏமாற மாட்டாங்க."

"நம்ம குரல்லயா சார்?"

"அவங்க பிள்ளைங்க குரல்ல. வேற குரல்ல சொன்னா ஊசி ஏறாதே."

அவர் கெட்டவர் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கி எழுந்தவர் போல எப்போதும் இருப்பார். அவர் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. ரயில் பாதையில் உட்கார்ந்த பெண்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மலைக்குப் போகும் ஒவ்வொரு வீரனிடமும் அரை மணி நேரம் பேச்சைப் பதிவு செய்து வாங்கிக்கொள்வோம். என்ன பேச வேண்டும் என்று நான் எழுதுவேன். பயிற்சி அழைப்பு வீட்டுக்குப் போகும். கேட்டவுடன் போனை வைத்துவிட்டு, நாங்கள் கொடுத்த எண்ணில் புகார் சொல்கிற வீடு தேறிய வீடு. அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அழைப்பு. தொடர்ந்து பேசுகிற வீட்டுக்கு, இரண்டு நிமிடம் முடிந்ததும் "இது பயிற்சி அழைப்பு" என்று ஒரு பெண் குரல் சொல்லும். அடுத்த வாரம் மறுபடியும் அழைப்பு வரும்.

ஆம்பூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இருந்தது பச்சையம்மாளின் வீடு. நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனியில் இருபது வருடமாக வேலை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி வேடியப்பனுக்கு இரண்டு வயது, இவருக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து இவர்தான் வளர்த்தார். நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்த தோல் துண்டுகளின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் பசையில் கறுத்திருந்தன.

"பதினோரு தடவ ஆயிடுச்சுக்கா," என்றேன். "போன்ல பேசுறது உங்க தம்பி இல்ல. மலைமேல போனே கிடையாது. ஒரு போன் வேலை செஞ்சாலும் அவங்க இருக்கிற இடம் எதிரிக்குத் தெரிஞ்சிடும். அதனால யாருமே வீட்டுக்குப் பேச மாட்டாங்க. குரல் வந்தாலே அது பொய்தான்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் பேசறீங்களே."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "மொத தடவையே தெரியும். 'எப்படி இருக்கீங்க அக்கா'ன்னுச்சு. அவன் என்னை ஒரு நாளும் நீங்கன்னு சொன்னவன் இல்ல. 'எக்கா, இன்னிக்கு இன்னா கொழம்பு'ன்னுதான் ஆரம்பிப்பான். நான்தான் அதுக்குச் சொல்லிக்குடுத்தேன். 'தோ பாருப்பா, அவன் அப்டி பேச மாட்டான், இப்டி பேசுவான்'னு. அடுத்த வாரம் கரெக்டா பேசிச்சு."

எனக்கு உடனே புரியவில்லை. இயந்திரம் பேச்சிலிருந்து கற்றுக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு வீட்டிலிருந்தே ஆள் உட்கார்ந்து பாடம் எடுப்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

"தேறிட்டா மூணு மாசத்துக்கு ஒருக்காதான் வரும்னு முன்ன வந்த சார் சொன்னாரு," என்றார் பச்சையம்மாள். "தேறலன்னா வாரா வாரம் வரும். இல்லீங்களா?"

"ஆமா."

"அவ்ளோதான் மேடம்." மறுபடியும் கத்தரியை எடுத்துக்கொண்டார். "பொய்தான். ஆனா கொரலு அவன்து."

ஒரு தட்டில் மிக்சரும் ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்தார். நான் குடித்துவிட்டு, என் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். தாளில் "விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார்" என்று எழுதினேன்.

அன்று மாலை அவருடைய அழைப்புகளின் எழுத்துப் பிரதிகளை எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு அழைப்பிலும் குரல் ஏதாவது ஒரு விஷமமான வேலையைச் செய்யச் சொல்லும். அதை எழுதியது நான். 'எக்கா, நம்ம ஊர்ல இருக்கிற பட்டாளத்து வீட்டுக்கெல்லாம் போயிச் சொல்லு, எங்களுக்குச் சாப்பாடே வரலன்னு.' அதற்குப் பச்சையம்மாள், 'சரி சொல்றேன், அது கெடக்கட்டும், குதிகால் வெடிப்பு எப்டி இருக்குது?' என்று கேட்டிருந்தார். 'பரவால்லக்கா, மருந்து போடறேன்.' 'இன்னா மருந்து? வேப்பெண்ணெ அனுப்பனேனே, அதத் தடவுறியா?' 'தடவுறேன்க்கா.' இப்படியே போனது. ஒரு தடவைகூட அவர் ஊரில் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அந்த வகையில் பார்த்தால் எங்கள் மாவட்டத்திலேயே நன்றாகத் தேறியவர் அவர்தான்.

அதற்குப் பிறகு நான் ஒரு தப்பு செய்தேன். அவருடைய அழைப்பிலிருந்து அந்த விஷமமான வரிகளை எடுத்துவிட்டேன். இரண்டு நிமிடத்தை ஏழு நிமிடமாக்கினேன். கடைசியில் வரும் பெண் குரலையும் நிறுத்தினேன். ஆயிரக்கணக்கான அழைப்புகளில் ஒன்றை யார் கவனிக்கப்போகிறார்கள்? நாள் முழுக்க ஜனங்களை ஏமாற்றும் வேலையில், ஒரு வீட்டுக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அக்காவும் தம்பியும் ஏழு நிமிடம் பேசினார்கள். பிரதியைப் படிப்பது எனக்கும் பழக்கமாகிவிட்டது.

பிப்ரவரி கடைசியில் வேடியப்பனின் புதிய குரல் பதிவு வரவில்லை. மலையிலிருந்து மாதம் ஒருமுறை பதிவுகள் மூட்டையாக வரும். குளிரில் குரல் மாறும், இருமல் வரும், அதெல்லாம் பொய்யிலும் இருக்க வேண்டும் அல்லவா. ஜனவரிப் பதிவும் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். கேட்டு எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. "பெயர் ஜனவரி 19 முதல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. அழைப்பு வழக்கம்போல் தொடரவும்."

நிறுத்திவைப்பு என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அந்தத் தாளை சத்தியசீலன் முன்னால் வைத்தேன். அவர் படிக்கக்கூட இல்லை.

"எத்தனை பேர் சார் இப்படி?"

"நம்ம மாவட்டத்துல பதினாலு."

"பதினாலு வீட்டுக்கும் நாம போன் பண்ணிட்டு இருக்கோமா?"

"மார்ச்ல பெரிய தாக்குதல் இருக்கு. அதுவரைக்கும் நம்ம பக்கம் எத்தனை பேர் போனாங்கன்னு எதிரிக்குத் தெரியக் கூடாது. ஒரு வீட்ல ஒப்பாரி வச்சா ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிஞ்சா அவனுக்குத் தெரியும். அதனால சாவுச் செய்தி எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்காங்க. எனக்கு வந்த உத்தரவு அது."

"செய்தியை நிறுத்துங்க. போனையாவது நிறுத்தக் கூடாதா?"

"பதினாலு வீட்டுக்கு மட்டும் போன் நின்னா, அதுவே செய்திதானே தமயந்தி." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "நான் யோசிக்கலன்னு நினைக்காதீங்க. இன்னும் நாலு வாரம். அதுல இருபதாயிரம் பேர் உயிர் இருக்கு."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அவன் இறந்த பிறகு ஆறு வெள்ளிக்கிழமைகள். ஆறு ஏழு நிமிடங்கள். போன வாரம் பச்சையம்மாள் அவனிடம், 'மீசைய எடுத்துராதடா, குளிருக்கு எதமா இருக்கட்டும்' என்று சொல்லியிருந்தார். 'எடுக்கலக்கா' என்றது குரல்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் தலைக்குக் குளித்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒன்பது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை நானே செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அக்கா, வேடியப்பன் இறந்துட்டார். ஜனவரி பத்தொன்பதாம் தேதி. எப்படின்னு எனக்குத் தெரியல. உங்ககிட்ட மறைச்சு வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் பேசினது எல்லாம் நாங்க."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை என் கைக்குள் அசையாமல் இருந்தது. பிறகு மெல்லச் சிரித்தார்.

"இது அடுத்த பாடமா மேடம்?"

"இல்லக்கா. நிஜம்."

"எல்லாத்துலயும் அப்டித்தானே சொல்வீங்க. நேர்லயும் ஆள் வரும்னு போன மாசம் கூட்டத்துல சொன்னாங்க. எதிரி பொம்பளையாவும் வருவான், ஆபீசராவும் வருவான்னு." கையை உருவிக்கொண்டார். "கடுதாசி இருக்குதா?"

"இல்ல. கடுதாசி குடுக்க மாட்டாங்க."

"அப்போ எப்டி நம்பறது?"

கெஞ்சினேன். அழுதேன்கூட. அழுகையைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் இறுகியது. எழுந்து உள்ளே போனார். உள்ளேயிருந்து அவர் போனில் பேசுவது கேட்டது. நிதானமாக, நாங்கள் கற்றுக்கொடுத்த வரிசையில் விவரம் சொன்னார்: யார் வந்தது, எத்தனை மணிக்கு, என்ன சொன்னது, எந்த வண்டி. பதினெட்டு வாரம் தேறாத பச்சையம்மாள் அன்று தேறினார்.

திங்கட்கிழமை என்னை வேலையிலிருந்து எடுத்தார்கள். ராணுவ ரகசியத்தை வெளியிட்டதாக வழக்கு வந்திருக்க வேண்டியது. சத்தியசீலன் எப்படியோ அதை அமுக்கிவிட்டார். தேறிவிட்டதால் பச்சையம்மாளுக்கு வெள்ளிக்கிழமை அழைப்பும் நின்றது. அதற்கும் நான்தான் காரணம்.

மார்ச் தாக்குதல் நடந்தது. ஜெயித்தோம் என்றார்கள். மே மாதம் சண்டை நிறுத்தம் வந்தது. நிறுத்திவைத்திருந்த கடிதங்களை ஒரே வாரத்தில் வீடுகளுக்கு அனுப்பினார்கள். எங்கள் மாவட்டத்தில் மட்டும் முப்பத்தொரு கடிதங்கள். அதில் பச்சையம்மாள் உட்பட இருபத்திரண்டு வீட்டார் வாங்க மறுத்துவிட்டார்கள். முத்திரை போட்ட கடிதத்தைத் தபால்காரர் முகத்துக்கு நேரே நீட்டி, "போய்யா, நாங்க தேறிட்டோம்" என்று சொன்ன ஒரு கிழவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். தாசில்தார் போனார், விரட்டப்பட்டார். வீட்டுக்கு வந்த, இறந்தவர்களின் சாமான் பெட்டிகளைத் திறக்காமல் வெளியிலேயே வைத்திருந்தார்கள். நன்றாகத் தேறிய வீடுகள்தான் கடைசிவரை நம்பவில்லை. மலையிலிருந்து நிஜமாகவே திரும்பி வந்த ஒரு பையனை அவன் மனைவி இரண்டு நாள் வீட்டுக்குள் விடவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

நான் குடியாத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆலோசகர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஜூலையில் ஒரு மதியம் போன் வந்தது.

"மேடம், நான் பச்சையம்மா."

உண்மையில் அவர்தானா என்று ஒரு நொடி தயங்கினேன். இப்போது எல்லாருக்குமே அந்தத் தயக்கம் உண்டு.

"வேடிகூட பட்டாளத்துல இருந்தேன்னு ஒருத்தன் வந்துக்கிறான். தேனிப் பக்கமாம். இன்னாவோ சொல்றேன்றான். நீங்க வாங்க."

"நான் எதுக்குக்கா?"

"நீங்க பொய் எழுதனவங்க. கேட்டா தெரியுமில்ல உங்களுக்கு."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பைப் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுவது போலத்தான் சொன்னார். அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான் அவன். பெயர் சுருளிவேல். முப்பது வயதுக்குள் இருக்கும். இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. பனி தின்றுவிட்டது என்றான். கொடுத்த காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது. பச்சையம்மாள் எனக்கு ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு, அவனைப் பார்த்து, "சொல்லு," என்றார்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்கா, உங்க தம்பி சிங்கம் மாதிரி சண்டை போட்டாரு. எதிரிங்க நாலு பக்கமும் சூழ்ந்தப்பவும் எடத்த விட்டு நகரல. குண்டு பட்டு விழுகுறப்பக்கூட உங்க பேரத்தான் சொன்னாரு. வலியே இல்லாமப் போயிட்டாரு."

பச்சையம்மாள் என் பக்கம் திரும்பினார்.

அந்த வாக்கியங்கள் எனக்கு அடையாளம் தெரிந்தன. ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்காக எங்கள் பிரிவு அச்சடித்த தாளில் இருப்பவை. அதில் இரண்டு வரி நான் எழுதியது.

"இது நாங்க எழுதினதுக்கா," என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். "நான்தான் அப்பவே நெனச்சேன். கெளம்புப்பா நீ."

சுருளிவேல் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். "படையில இப்பிடித்தேன் சொல்லச் சொன்னாங்கக்கா. வேற மாதிரி சொன்னா வீட்ல தாங்க மாட்டாங்கன்னாங்க."

"வேற மாதிரின்னா?"

ஆறிப்போன காப்பி டம்ளரைக் கொஞ்சம் தள்ளிவைத்தான். பிறகு பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. அந்த மாசமே அங்கிட்டு ஒரு குண்டு வெடிக்கல. அவனுக்கு வயித்தால போயிக்கிட்டு இருந்துச்சு. டப்பா மீனு ஒத்துக்கல. விடியக்காலையில எந்திரிச்சு வெளிய ஒதுங்கப் போனான். கயிறு கட்டிக்கிட்டுத்தேன் போகணும், அதுதான் சட்டம். அவசரத்துல கட்டல. பனியில வழுக்கிருச்சு. கீழ நானூறு அடி." நிறுத்தினான். "நான் முழிச்சுத்தேன் இருந்தேன். கூடப் போயிருக்கணும். நாங்க ரெண்டு நாளாப் பேசிக்கல."

"ஏன்?"

"ஒரு சாக்சுக்காக. காயப்போட்டிருந்த என் சாக்ச எடுத்துப் போட்டுக்கிட்டான். நான் கண்டபடி வஞ்சுட்டேன். 'உன் சாக்ச நீயே கட்டிக்கிட்டு அழுடா'ன்னு மூஞ்சில வீசிட்டுப் படுத்துக்கிட்டான். அதுதேன் கடைசியா அவன் எங்கிட்டப் பேசுனது." கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, விரல் இல்லாத கையென்று பார்த்துவிட்டு மற்றக் கையால் துடைத்தான். "உங்க பேரெல்லாம் சொல்லலக்கா. கத்துனது மட்டும் கேட்டுச்சு."

பச்சையம்மாள் மறுபடியும் என்னைப் பார்த்தார். எனக்கு எத்தனையோ சாவுகளை எழுதத் தெரியும். இப்படி ஒன்றை எழுதும் துணிச்சல் எனக்கு ஒரு நாளும் வந்திருக்காது.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "பொய்யா இருந்தா இதவிட நல்லா சொல்லியிருப்பாங்க," என்றார், எங்கள் இருவரிடமும் இல்லாமல்.

பிறகு சுருளிவேலைப் பார்த்து, "எத்தினி நாளா வயிறு சரியில்ல அவனுக்கு?" என்று கேட்டார்.

"மூணு நாளாக்கா."

"மூணு நாளா. கஞ்சி கிஞ்சி யாராச்சும் வெச்சுக் குடுத்தீங்களா?"

"நான்தேன் வச்சேன். சண்டைன்னாலும் வச்சுக் குடுத்தேன். உப்பே இல்லன்னு அடுத்தவன்கிட்டச் சொல்லிட்டுப் பாதியில வச்சுட்டான்."

"அவனுக்கு உப்பு தூக்கலா இருக்கணும்," என்றார் பச்சையம்மாள். "சின்னதுலேர்ந்தே அப்டித்தான்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணியது. முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். அது போதவில்லை. அந்தச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து வாசலில் நின்றாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. உள்ளே வந்து அவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வேடியப்பன் இறந்து ஆறு மாதமாகியிருந்தது. அந்த வீட்டில் சாவு விழுந்தது அன்றைக்குத்தான்.